உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய எஞ்சின் பழுது (இந்திய நுகர்வோர் சட்டம்)

உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய எஞ்சின் பழுதுக்கான முறையீடு என்பது, தயாரிப்பாளர் எழுத்தில் அளித்த உத்தரவாதம் முடிந்த பின்னர் மகிழுந்தின் (கார்) எஞ்சினில் ஏற்படும் பழுதுக்கு நுகர்வோர் சட்டத்தின் வழியாகப் பழுதுபார்ப்புச் செலவையோ இழப்பீட்டையோ கோருவதைக் குறிக்கும். அப்பழுது வண்டி உருவானபோதே அதில் இருந்த குறைபாட்டால் விளைந்தது என்பதே இத்தகைய முறையீட்டின் அடிப்படை ஆகும். இந்தியாவில் இவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் மாவட்ட, மாநில, தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையங்களால் விசாரிக்கப்படுகின்றன.

உத்தரவாதம் முடியும் நாளில் தயாரிப்பாளரின் ஒப்பந்தக் கடமை முடிகிறது. குறைபாடுள்ள பொருளை விற்றதற்கான சட்டப் பொறுப்பு அந்த நாளோடு தானாக முடிந்துவிடுவதில்லை. எனினும் மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் உரிமையாளரைச் சேர்கிறது. இதனால் இவ்வகை வழக்குகளின் முடிவு பெரும்பாலும் எஞ்சின் பிரிக்கப்படுவதற்கு முன் திரட்டப்பட்ட சான்றுகளைப் பொறுத்தே அமைகிறது.

உத்தரவாதமும் சட்டப் பொறுப்பும்

மகிழுந்து உத்தரவாதம் பொதுவாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் அல்லது குறிப்பிட்ட கிலோமீட்டர், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். இக்காலத்தில் குறைபாடுள்ள உறுப்பைக் கட்டணமின்றிச் செப்பனிட அல்லது மாற்றித்தரத் தயாரிப்பாளர் உடன்படுகிறார். உறுப்பு பழுதடைந்தது என்பதைக் காட்டினாலே பெரும்பாலும் போதுமானது. பழுதுக்கு உரிமையாளரின் தவறான பயன்பாடே காரணம் என்று மறுப்பவர் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும்.

உத்தரவாதம் முடிந்த பின் நிலைமை மாறுகிறது. எஞ்சின் பழுதடைந்தது என்பது மட்டும் போதாது. இயல்பான தேய்மானம், பராமரிப்புக் குறை, கலப்பட எரிபொருள், வெள்ளநீர் புகுதல் போன்றவை காரணமல்ல என்பதையும், தயாரிப்பிலேயே மறைந்திருந்த குறையே காரணம் என்பதையும் முறையீட்டாளர் நிறுவ வேண்டும்.

நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் தனிக் கட்டணம் செலுத்திப் பெறும் வேறோர் ஒப்பந்தம் ஆகும். அது நடப்பில் இருந்தால் அதன் விதிகளின்படியே முதலில் கோர வேண்டும். எஞ்சினுள் நீர் புகுந்து ஏற்படும் சேதம் பொதுவாகக் காப்புறுதி நிறுவனத்திடம் கோர வேண்டியதாகும். அதற்கும் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்புறுதி எடுத்திருக்க வேண்டியிருக்கலாம்.

சட்ட வரலாறு

இந்தியாவில் பொருளின் தரம் பற்றிய பொதுச் சட்டமாகப் பொருள் விற்பனைச் சட்டம், 1930 விளங்குகிறது. ஒரு வகைப் பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டவரிடம் விவரணையின் பேரில் அப்பொருளை வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனை உண்டு என இச்சட்டத்தின் 16 ஆம் பிரிவு கூறுகிறது. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்நிபந்தனை பொருந்தாது. எஞ்சினுக்குள் மறைந்திருக்கும் குறை வெளிச் சோதனையில் தெரியக்கூடியதன்று. எனினும் வெளிப்படையான உடன்பாட்டின் மூலம் இத்தகைய நிபந்தனைகளை விலக்கிக்கொள்ள 62 ஆம் பிரிவு இடமளிக்கிறது. உத்தரவாத ஏடுகளில் "இதைத் தவிர வேறு பொறுப்பு இல்லை" என்ற பொருளில் வரும் வாசகங்கள் இதனை ஒட்டியவையே.

1986 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உரிமையியல் நீதிமன்றங்களுக்கு வெளியே எளிய தீர்வு அமைப்பை உருவாக்கியது. இச்சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தன. மாவட்ட மன்றங்கள் மாவட்ட ஆணையங்கள் என்று பெயர் பெற்றன.

சட்ட அடிப்படை

குறைபாடு

2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(10) ஆம் பிரிவு குறைபாட்டை வரையறுக்கிறது. சட்டத்தின்படியோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தத்தின்படியோ, வணிகர் கூறியபடியோ பொருள் கொண்டிருக்க வேண்டிய தரம், அளவு, ஆற்றல், தூய்மை ஆகியவற்றில் உள்ள குறையே குறைபாடு ஆகும். இவ்வரையறையில் உத்தரவாதக் காலம் பற்றிய குறிப்பு இல்லை. உத்தரவாதம் முடிந்த பின்னும் முறையிட இடமுண்டு என்ற வாதம் இதிலிருந்தே தொடங்குகிறது. மேலும், இச்சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே என்று 100 ஆம் பிரிவு கூறுவதால், பொருள் விற்பனைச் சட்டத்தின் உட்கிடையான நிபந்தனையையும் சேர்த்தே வாதிட முடியும்.

சேவைக் குறைபாடு

உத்தரவாதம் முடிந்த பின் பணம் செலுத்திச் செய்யப்படும் பழுதுபார்ப்பு தனியொரு சேவை ஆகும். அப்பணி சரியாகச் செய்யப்படாவிட்டால் 2(11) ஆம் பிரிவின்படி சேவைக் குறைபாடு என்று பணிமனைக்கு எதிராக முறையிடலாம். இதற்கு உற்பத்திக் குறைபாட்டை மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை.

தயாரிப்புப் பொறுப்பின் எல்லை

2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது இயல் (பிரிவுகள் 82 - 87) தயாரிப்புப் பொறுப்பு என்னும் புதிய கருத்துருவைக் கொண்டுவந்தது. எஞ்சின் செலவையும் இவ்வியலின் கீழ் பெறலாம் என்று பலர் கருதுவதுண்டு. ஆனால் இவ்வியலுக்கான "தீங்கு" என்பதன் வரையறை, 2(22) ஆம் பிரிவில், பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை விலக்குகிறது. எஞ்சின் தீப்பிடித்து வீட்டுக் கொட்டகை எரிந்தால் கொட்டகைக்கு இவ்வியலின் கீழ் கோரலாம். எஞ்சினைச் செப்பனிடும் செலவை 2(10) ஆம் பிரிவின் குறைபாட்டின் அடிப்படையில், 39 ஆம் பிரிவில் கூறப்பட்ட தீர்வாகவே கேட்க வேண்டும். முறையீட்டை எழுதும்போது இவ்வேறுபாடு முதன்மையானது.

எஞ்சின் பழுதுகளும் அவற்றின் காரணங்களும்

ஒரே பழுது உற்பத்திக் குறையாலும் பராமரிப்புக் குறையாலும் வரக்கூடும். கீழ்க்காண்பவை அடிக்கடி சிக்கலுக்கு உள்ளாகுபவை:

- டைமிங் பெல்ட் அறுதல்: இது குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய உறுப்பு. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைகின்றன. மாற்ற வேண்டிய கிலோமீட்டரைக் கடந்திருந்தால் கோரிக்கை வலுவிழக்கும். அதற்கு வெகு முன்னரே அறுந்திருந்தால் வலுப்பெறும்.
- டைமிங் சங்கிலி தளர்தல்: சங்கிலி பொதுவாக எஞ்சினின் ஆயுள் முழுவதும் உழைக்குமாறு வடிவமைக்கப்படுகிறது. முறையாக ஆயில் மாற்றப்பட்ட எஞ்சினில் அது விரைவில் நீண்டு தளர்ந்தால் குறைபாட்டை ஐயுறலாம்.
- சிலிண்டர் ஹெட் விரிசல்: வார்ப்புக் குறையால் வரலாம்; கூலன்ட் வற்றிய நிலையில் ஓட்டி எஞ்சின் மிகையாகச் சூடேறியதாலும் வரலாம்.
- பேரிங் உராய்ந்து கிராங்க் தண்டு இறுகுதல்: ஆயில் பம்பின் குறையாலோ, ஆயில் குறைவாகவோ பழையதாகவோ இருந்ததாலோ நேரலாம்.
- கனெக்டிங் ராடு வளைதல்: பல வேளைகளில் நீர் புகுந்ததன் அறிகுறி. இது உற்பத்திக் குறைபாட்டின் கீழ் வருவது அரிது.

மெய்ப்பித்தல்

சோதனையின்றித் தீர்மானிக்க இயலாத குறைபாடாக இருந்தால், பொருளின் மாதிரியை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38(2)(இ) பிரிவு அதிகாரம் தருகிறது. ஆய்வகம் 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். சோதனைக் கட்டணத்தை முறையீட்டாளர் செலுத்த வேண்டும். எஞ்சின் போன்ற பொருள்களில் தானியங்கிப் பொறியியல் வல்லுநரை ஆணையராக அமர்த்தி அறிக்கை பெறும்படி கேட்பதும் வழக்கம்.

உற்பத்திக் குறைபாட்டை வல்லுநர் கருத்தின் மூலம் மெய்ப்பிக்கும் பொறுப்பு முறையீட்டாளருடையது என்பதே தேசிய ஆணையத்தின் பொதுவான நிலைப்பாடு. வண்டி பலமுறை பணிமனைக்குச் சென்றது என்பது மட்டும் உற்பத்திக் குறைபாட்டுக்குச் சான்றாகாது.

பயன்படும் சான்றுகள்:

- அனைத்துப் பராமரிப்புப் பட்டியல்கள், ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும்.
- ஒவ்வொரு வருகைக்குமான பணி அட்டை (ஜாப் கார்டு). உத்தரவாதக் காலத்திலேயே "எஞ்சினில் ஒலி", "ஆயில் குறைகிறது" என்று பதிவாகியிருந்தால் அதுவே மிக வலுவான சான்று. அப்போது பழுது உத்தரவாதத்துக்குப் பின் தோன்றியதன்று, உத்தரவாதக் காலத்தில் தீர்க்கப்படாமல் விடப்பட்டது என்று காட்டலாம்.
- பிரிப்பதற்கு முன்னும் பிரிக்கும்போதும் எடுத்த ஒளிப்படங்கள், வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளின் அச்சுப்படி.
- கழற்றப்பட்ட பழைய உறுப்புகள். இவற்றைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேட்க வேண்டும்.
- அதே எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட தொழினுட்பச் சுற்றறிக்கை, திரும்ப அழைப்பு அறிவிப்பு ஆகியவை.

எஞ்சினைப் பிரித்து, உறுப்புகளை மாற்றி, பழையவற்றை இரும்புக் கடைக்கு அனுப்பிய பின் தொடுக்கப்படும் முறையீட்டில் சோதிப்பதற்குப் பொருளே இருப்பதில்லை. வாழ்வாதாரத்துக்கு வண்டி தேவைப்படுவதால் உடனே செப்பனிட வேண்டிய நெருக்கடி உரிமையாளருக்கு உண்டு. ஆதலால் முதலில் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் எழுத்தில் அறிவித்து, ஆய்வுக்குக் குறுகிய கெடு அளித்து, தனி வல்லுநர் ஒருவரின் முன்னிலையில் பிரிப்பது சான்றைக் காக்கும் வழியாகும்.

வெளிப் பணிமனையில் பராமரித்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கை மறுக்கப்படுவதும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகத்து 25 அன்று 14 மகிழுந்து நிறுவனங்களுக்கு எதிராக அளித்த ஆணையில், தனியார் பணிமனையை நாடியதற்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக நீக்கும் நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றது. அவ்வாணை மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. எவ்வாறாயினும், வெளிப் பணிமனையில் பராமரித்தவர் பட்டியல்களையும் பயன்படுத்திய ஆயிலின் தரத்தையும் காட்ட முடிந்தால்தான் தம் தரப்பை நிறுவ இயலும்.

காலவரையறை

முறையீட்டை, வழக்கெழு காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் (பிரிவு 69). போதிய காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம். மறைந்திருந்த குறை வெளிப்பட்ட நாளே வழக்கெழு காரணம் தோன்றிய நாள் என்று உரிமையாளர்களும், வண்டியை வாங்கிய நாளே என்று தயாரிப்பாளர்களும் வாதிடுவர். எதிர்த்தரப்பு எழுப்பாவிட்டாலும் காலவரையறையை ஆணையம் தானே கருத்தில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டு பாரத ஸ்டேட் வங்கி எதிர் பி. எஸ். வேளாண் தொழிலகம் வழக்கில் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளருடன் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் காலம் தானாக நீளாது என்று கருதிச் செயல்படுவதே பாதுகாப்பானது.

நடைமுறை

மகிழுந்துக்குச் செலுத்திய விலையே எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கேட்கும் இழப்பீட்டுத் தொகை கணக்கில் வராது. 2021 டிசம்பரில் வெளியான விதிகளின்படி 50 இலட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமும், அதற்கு மேல் 2 கோடி ரூபாய் வரை மாநில ஆணையமும், அதற்கும் மேற்பட்டவற்றைத் தேசிய ஆணையமும் விசாரிக்கின்றன. இதனால் பெரும்பாலான மகிழுந்து வழக்குகள் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்குகின்றன. 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டணம்: 5 இலட்சம் ரூபாய் வரை ஏதுமில்லை, 10 இலட்சம் வரை 200 ரூபாய், 20 இலட்சம் வரை 400 ரூபாய், 50 இலட்சம் வரை 1,000 ரூபாய்.

எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மேலும் 15 நாட்கள் நீட்டிக்கலாம். இந்த 45 நாள் எல்லையைத் தாண்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் கூடுதல் காலம் ஆவதுண்டு. இரு தரப்பும் இசைந்தால் சமரசத்துக்கு அனுப்பலாம்.

குறையை நீக்குதல், பொருளை மாற்றித்தருதல், விலையைத் திருப்பித்தருதல், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை ஆணையம் பிறப்பிக்கலாம் (பிரிவு 39). மாவட்ட ஆணையத்தின் ஆணைக்கு எதிராக 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் செலுத்துமாறு ஆணையிடப்பட்டவர் அத்தொகையில் பாதியைக் கட்டிய பின்னரே மேல்முறையீடு ஏற்கப்படும். ஆணையை நிறைவேற்றாதவருக்கு 72 ஆம் பிரிவின்படி சிறையோ தண்டமோ விதிக்கலாம்.

வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இல் புகார் பதியலாம். இணையவழித் தாக்கலுக்கு 2020 செப்டம்பரில் தொடங்கிய இ-தாக்கில் தளத்தின் பணியை, 2025 சனவரி முதல் இ-ஜாக்ரிதி தளம் செய்துவருகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில்

பெரம்பலூர் மாவட்டம் 1995 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் 2001 இல் உருவாகி, 2002 இல் பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. இரு மாவட்டங்களுக்கும் தனித்தனி நுகர்வோர் குறைதீர் ஆணையங்கள் உள்ளன.

இப்பகுதியினருக்கு 2019 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய மாற்றம் ஆள்வரை பற்றியதாகும். பழைய சட்டத்தின்படி எதிர்த்தரப்பு வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்கெழு காரணம் தோன்றிய இடத்திலோதான் முறையிட முடியும். திருச்சிராப்பள்ளியிலோ சென்னையிலோ வண்டி வாங்கியவர் அந்த ஊர் மன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. 34 ஆம் பிரிவின்படி முறையீட்டாளர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்து ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஜெயங்கொண்டத்தில் வசிப்பவர் சென்னையில் வாங்கிய வண்டிக்கும், வேறு மாநிலத்தில் தலைமையகம் கொண்ட தயாரிப்பாளருக்கு எதிராகவும் அரியலூரிலேயே முறையிட முடியும்.

அடுத்து வருவது "வணிக நோக்கம்" என்னும் சிக்கல். அரியலூரில் சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், பெரம்பலூரில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம் ஆகியவற்றின் சாகுபடியும் மிகுதி. ஆகவே இங்கு பல வண்டிகள் ஈட்டுதலுக்காகவே வாங்கப்படுகின்றன. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகார். ஆனால் சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காகவே வாங்கித் தாமே பயன்படுத்துபவர் நுகர்வோரே ஆவார். கோயம்புத்தூரின் பி. எஸ். ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த இலட்சுமி பொறியியல் பணியகம் வழக்கில் (1995), சரக்குந்து வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதன்படி, செட்டிகுளத்திலிருந்து வெங்காயம் ஏற்றும் சிற்றுந்தைத் தாமே ஓட்டுபவர் முறையிடலாம். ஓட்டுநர்களை அமர்த்திப் பல சரக்குந்துகளை ஆலைகளுக்கு இயக்குபவர் பொதுவாக உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

முக்கியத் தீர்ப்புகள்

- மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா (2006): உத்தரவாதம் உறுப்பை மாற்றித்தருவதாக மட்டும் கூறும்போது, வண்டியையே மாற்றித்தர ஆணையிட்டது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எஞ்சின் பழுதுக்கு முழு வண்டியைக் கேட்பதைவிட எஞ்சின் செலவைக் கேட்பது ஏன் நடைமுறைக்கு உகந்தது என்பதை இது காட்டுகிறது.
- சி. என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா (2010): எஞ்சின் ஒலி பற்றிய முறையீட்டில், சார்பற்ற தொழினுட்ப வல்லுநர் உற்பத்திக் குறைபாடு உண்டு என்று கருதினால் விலையை 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித்தர வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. வல்லுநர் கருத்தின் முதன்மைக்கு இது எடுத்துக்காட்டு.
- டாட்டா மோட்டார்சு எதிர் அந்தோணியோ பாவ்லோ வாசு (2021): விற்பனையாளரின் தனிப்பட்ட தவறுக்கு, அதை அறியாத தயாரிப்பாளர் பொறுப்பாகார். எனவே யார் செய்த தவறு எது என்பதை முறையீட்டில் பிரித்துக் காட்ட வேண்டும்.
- இயுண்டாய் மோட்டார் இந்தியா எதிர் சைலேந்திர பட்நாகர் (2022): விபத்தில் காற்றுப்பைகள் விரியாததே குறைபாட்டைக் காட்டுகிறது, தனி வல்லுநர் சான்று தேவையில்லை என்று கூறப்பட்டது. எஞ்சின் பழுதுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால் இக்கொள்கை அங்கு எளிதில் பொருந்துவதில்லை.
- ஃபோர்டு இந்தியா எதிர் மெடிக்கல் எலபொரேட் கான்செப்ட் (2023): ஆணையின்படி எஞ்சின் மாற்றப்பட்ட பின்னும் குறைகள் தொடர்ந்த வழக்கில், மொத்தம் 42 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

திரும்ப அழைப்பு

ஒரே குறை பல வண்டிகளில் தோன்றினால் தயாரிப்பாளர் அவற்றைத் திரும்ப அழைத்துச் செப்பனிடுவதுண்டு. 2013 இல் செனரல் மோட்டார்சு இந்தியா 1,14,000 தவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்க்கப்பட்ட 110அ பிரிவு, கட்டாயத் திரும்ப அழைப்புக்கு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகள் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்துகின்றன. இவ்வகைப் பணிக்கு உத்தரவாதம் முடிந்திருப்பது தடையாகாது என்பதால், பெருஞ்செலவு செய்வதற்கு முன் வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு திரும்ப அழைப்பு உண்டா என்று பார்ப்பது பயனுள்ளது.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாளர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சட்டப் பொறுப்பு ஏற்கிறார். ஐக்கிய இராச்சியத்தின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், 2015 இன்படி முதல் ஆறு மாதங்களில் தோன்றும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். அதன் பின் மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவருடையது. ஆத்திரேலியாவில் 2011 முதல் நடப்பிலுள்ள சட்டம், பொருள் "ஏற்கத்தக்க தரம்" கொண்டிருக்க வேண்டும் என்ற உறுதியைத் தயாரிப்பாளரின் உத்தரவாதத்திலிருந்து தனியாக வைக்கிறது. விலையையும் தன்மையையும் பொறுத்து நியாயமான காலம் வரை அது நீடிக்கும். இந்தியச் சட்டம் ஓர் எஞ்சின் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதையோ, எந்தக் காலம் வரை குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளலாம் என்பதையோ வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளே நிரப்ப வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
- பொருள் விற்பனைச் சட்டம், 1930
- தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம்
- உட்கனற்சிப் பொறி
- பெரம்பலூர் மாவட்டம்
- அரியலூர் மாவட்டம்